எப்போது என்று கேட்பவர்

வாயில் நான்கு மரக்கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு லொரெய்ன் பெட்காவ் துணிக்கொடி கட்டுகிறார். ஒரு முனை கதவுப் பக்கம் கோட் மாட்டும் கொக்கியில், மறுமுனை ஜன்னல் தாழ்ப்பாளில். ஜன்னல் பக்கத்து முடிச்சு எப்போதும் ஒரு தடவை அவிழும். அவர் ஒரு தடவை திட்டுவார். பிறகு மறுபடி கட்டி, நடுவில் விரலால் சுண்டிப் பார்த்து, தொய்வில்லை என்று தெரிந்த பிறகுதான் கோட்டைக் கழற்றுவார். அப்போது மணி எட்டு ஐம்பது.

"என்ன ரெண்டு, இன்னைக்கும் லேட்டா?" என்று கிளிப்புகளுக்கு நடுவிலிருந்து என்னிடம் கேட்பார். 'ரெண்டு' நான்தான். எதிர் அறையில் இரண்டாம் லெவலுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் லெவல் எண்ணால்தான் கூப்பிடுவார். தன்னை 'நாலு' என்பார். மேலாளர் பிரெண்ட் ஹால்டர்சனுக்கு மட்டும் எண் கிடையாது, 'மேல்மாடி' என்று பெயர்.

எங்கள் நிலையம் வின்னிபெக்கின் வடக்குப் பகுதியில், ஒரு காலத்தில் சோபாக் கடையாக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் ஆங்கிலம். ஒன்றிலிருந்து ஆறு வரை லெவல்கள். நான்காம் லெவலில் லொரெய்ன் இருபத்துமூன்று வருஷமாக ஒரே பாடத்துக்குப் பேர் போனவர். சிம்பிள் பாஸ்ட் எங்கே போட வேண்டும், பிரசன்ட் பெர்ஃபெக்ட் எங்கே போட வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம். 'பார்த்தேன்' என்பதா, 'பார்த்திருக்கிறேன்' என்பதா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பலருக்கே அதைச் சொல்லிக் கொடுக்க வராது. எனக்கும் வராது. அவருடைய வகுப்பு வாசலில் நின்று கேட்டுத்தான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

கொடி அதற்குத்தான். ஆளுக்கொரு அட்டை கொடுப்பார். தன் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை எழுதிக்கொண்டு முன்னால் வர வேண்டும். லொரெய்ன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்போ?" நாளோ வருஷமோ சொல்ல முடிந்தால், அது முடிந்துபோன காரியம். அட்டையைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு உட்காரலாம். சொல்ல முடியாவிட்டால், அல்லது அது இன்றைக்கும் தொடர்கிறது என்றால், அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். "கொடியில போட்டா அது கொடியோடது. கையில இருந்தா இன்னும் உங்களோடது. அவ்வளவுதான் விஷயம், இதுக்குப் போய் புத்தகத்துல முப்பது பக்கம் எழுதி வச்சிருக்கான்" என்பார்.

இந்தப் பருவம் வந்து சேர்ந்தவர் இஸ்மாயில் அப்டி, சோமாலியாவிலிருந்து வந்த டாக்ஸி டிரைவர். "நான் ஒட்டகப் பால் குடிச்சிருக்கேன்" என்று வாசித்தார்.

"எப்போ?"

"எப்போன்னு எப்படிச் சொல்றது டீச்சர், எத்தனையோ தடவ."

"அப்போ கையில வச்சுக்கோங்க. சிந்திடாம."

அடுத்து ஒக்சானா ஃபெடோரென்கோ. உக்ரைன்காரி, கணக்குப் பிள்ளையாக இருந்தவள். "நேத்து பஸ்ஸ விட்டுட்டேன்" என்றாள்.

"கொடியில போடுங்க. அந்த பஸ்ஸு போயே போச்சு, இனிமே அதுக்காக அழ வேண்டாம்."

வகுப்பே சிரிக்கும். லொரெய்ன் சிரிக்க மாட்டார். கிளிப்பை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்பார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. உயரமான பெண்மணி, தோள் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். வருஷம் முழுவதும் சாம்பல் நிறக் கம்பளிக் கார்டிகன், அதன் இடது பையில் சிவப்புப் பேனா, வலது பையில் இருமல் மிட்டாய். மதியம் ரை ரொட்டிக்குள் சாசேஜும் கடுகு விழுதும் வைத்து, நின்றுகொண்டே, ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். குளிர்காலத்தில் எஞ்சின் உறையாமலிருக்க நாங்கள் எல்லோரும் காரை மின்கம்பியில் செருகி வைப்போம். அதைக் கழற்ற மறந்து கம்பியோடு கிளம்பிப் போவது இந்த ஊரில் பெரிய மானக்கேடு. அதைப் பற்றிக் கேட்டால் ஒளிக்க மாட்டார். "ஜனவரி பன்னெண்டாம் தேதி அப்படிப் போனேன். மொத்தத்துல மூணு தடவ போயிருக்கேன். வித்தியாசம் புரியுதா?" என்பார்.

திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. மளிகைக் கடைப் பலகையைத் திருத்துவார். சர்ச்சில் கொடுக்கும் தாளைத் திருத்தி, திரும்பவும் பெட்டியிலேயே போட்டுவிட்டு வருவார். என் மாமனார் இறந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட இரங்கல் அட்டையில், கணக்குப் பிரிவுப் பெண் எழுதிய வரிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு திருத்தம் இருந்தது. யாருடைய கை என்று நான் கேட்கவில்லை. கால்கரியில் இருக்கும் மகன் தொலைபேசியில் 'ஏற்கனவே சொன்னேனே' என்றானாம். 'ஏற்கனவே' என்று ஆரம்பித்தால் 'சொல்லியிருக்கிறேன்' என்றுதான் முடிக்க வேண்டும் என்று அவனிடமே சொல்லியிருக்கிறார். "எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்ற வியாதி. அமெரிக்காக்காரனுக்கு எல்லாமே முடிஞ்சு போச்சு. சாப்பாடு தட்டுல இருக்கும்போதே 'சாப்பிட்டேன்'ம்பான்" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மகன் இப்போது குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறான்.

இருபத்துமூன்று வருஷம் என்று மேலே எழுதினேன். லொரெய்ன் படித்தால் அதையும் திருத்துவார். எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பத்து மாத ஒப்பந்தம்தான். ஜூன் கடைசியில் வேலை நீக்கக் கடிதம் வரும், ஆகஸ்ட் நடுவில் மறுபடி கூப்பிடுவார்கள். நிரந்தர வேலைக்கு அவர் நான்கு தடவை மனுப் போட்டார். நான்கு தடவையும் அவரைவிடச் சின்ன வயதுக்காரர்களுக்குப் போயிற்று. அதில் இரண்டு பேருக்குப் பாடம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். "நான் இங்க இருபத்திமூணு வருஷமா வேலை செஞ்சிருக்கேன்னு சொல்லக் கூடாது. இருபத்திமூணு தடவ வேலை செஞ்சேன். காகிதத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இருமல் மிட்டாயைப் பிரிப்பார்.

மாணவர் ஒருவர் அடுத்த லெவலுக்குப் போக வேண்டுமானால் அவருடைய பைண்டர் நிறைய வேண்டும். தாள்களைக் கோத்து வைக்கும் வெள்ளை அட்டைக் கோப்பு, தூக்கினால் கை வலிக்கும். பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது ஒவ்வொன்றுக்கும் எட்டு எட்டுத் தாள். தப்பு இருந்தாலும் சொல்ல வந்தது புரிந்தால் போதும் என்பது விதி. நான் தாள்களை எண்ணிப் பார்ப்பேன், முப்பத்திரண்டு இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். லொரெய்ன் முப்பத்திரண்டையும் படிப்பார்.

"புரிஞ்சா போதும்ங்கிறது யார் போட்ட விதி? வேலைக்கு ஆள் எடுக்கறவன் போட்டானா?" என்று ஒருநாள் என்னிடம் சண்டைக்கு வந்தார். "வாயத் தொறந்து மொத வாக்கியம் சொன்னதுமே அவன் இவங்கள எடை போட்டுடறான். ஒரு 'இருக்கேன்' தப்பா விழுந்தா போதும், அப்புறம் குழந்தைகிட்ட பேசற மாதிரி மெதுவா, சத்தமாப் பேச ஆரம்பிச்சுடுவான். அம்பது வயசு ஆளோட மூஞ்சி அப்போ எப்படிப் போகுதுன்னு நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அவரை வெறுக்கவும் முடிவதில்லை.

லெதெப்ரான் கெப்ரெமெஸ்கெல் போன வருஷம் என் வகுப்பிலிருந்து மூன்றுக்குப் போய், அங்கிருந்து நான்குக்குப் போனவர். எரித்திரியாவிலிருந்து வந்த பெண், நாற்பத்தாறு வயது. கெரென் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸ். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் மதியம் இரண்டு மணியிலிருந்து படுக்கை விரிப்பு மடிக்கிறார். அதே இல்லத்தில், மேல் தளத்தில், நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே கணக்கு. அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அந்தப் படிப்பில் சேர ஆறாம் லெவல் முடித்திருக்க வேண்டும். "நாலு, அஞ்சு, ஆறு, அப்புறம் மாடி" என்று விரல் விட்டுக் காட்டுவார். "கீழ துணி வருது டீச்சர். துணியப் பாத்தாலே மேல யாருக்கு என்ன உடம்புன்னு எனக்குத் தெரியுது. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

ஏப்ரலில் ஒருநாள் ஸ்டேப்ளர் கேட்கப் போனவள் நாலாம் லெவல் வாசலில் நின்றுவிட்டேன். லெதெப்ரான் கொடிக்கு முன்னால் நின்று தன் அட்டையை வாசித்தார்.

"நான் பதினாறு வருஷமா பிரசவம் பாத்திருக்கேன்."

"எப்போ?" என்றார் லொரெய்ன்.

லெதெப்ரான் வருஷங்களைச் சொன்னார். தொடங்கியது, முடிந்தது, இரண்டும்.

"முடிஞ்ச வருஷம் தெரியுதுல்ல. அப்போ 'பார்த்தேன்'. கொடியில போட்டுடுங்க."

"முடியல டீச்சர்."

"இப்போ பிரசவம் பாக்கறீங்களா?"

"இல்ல. துணி மடிக்கறேன்."

"அப்போ?"

லெதெப்ரான் அட்டையை இறக்கிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கை மறக்கல."

"கை மறக்காம இருக்கட்டும். இங்கிலீஷ் கையக் கேக்காது, காலண்டரத்தான் கேக்கும்." லொரெய்ன் கிளிப்பை நீட்டினார்.

லெதெப்ரான் வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. லொரெய்ன் கிளிப்பைக் கொடியில் காலியாக மாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு மீதி வகுப்பு முழுவதும் அந்த அம்மாள் அட்டையோடு சுவரோரம் நின்றார். உட்காருங்கள் என்று இவரும் சொல்லவில்லை, உட்காரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

"விட்டுடுங்களேன் லொரெய்ன்" என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். "அவங்க சொல்ல வர்றது உங்களுக்குப் புரியுது."

"எனக்குப் புரிஞ்சு என்ன ஆகப் போகுது? இண்டர்வியூவுல 'பாத்திருக்கேன்'னு சொல்லுவாங்க. 'எங்க, இங்கயா? லைசென்ஸ் எங்க?'ன்னு அவன் கேப்பான். 'பார்த்தேன், எங்க ஊர்ல, இத்தனை வருஷம்'னு நிமிந்து சொன்னா அவன் வாய மூடிடுவான். நான் அவங்களுக்குக் கவசம் மாட்டி விடறேன், ரெண்டு. நீ தட்டிக் கொடுத்து அனுப்பிடற."

நான் தட்டிக் கொடுத்து அனுப்புகிறவள்தான்.

ஜூன் மாதம் பைண்டர்கள் மேசையில் அடுக்கப்பட்டன. லெதெப்ரானுடைய பைண்டரில் முப்பத்தோரு தாள் சரியாக இருந்தது. கடைசித் தாள் வேலைக்கான சுய அறிமுகக் கடிதம். அதில் முதல் வரியாக அந்த வாக்கியத்தையே எழுதியிருந்தார், மாற்றாமல், அழகான கையெழுத்தில். லொரெய்ன் ஓரத்தில் சிவப்பில் 'இன்னும் ஒரு பருவம்' என்று எழுதினார். தேதி ஜூன் இருபத்துநான்கு. அன்று மாலையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். நாங்கள் எல்லோரும் ஆகஸ்டில், பிரெண்ட் மூன்று தடவை ஞாபகப்படுத்திய பிறகு ஏற்றுவோம். லொரெய்ன் மட்டும்தான் அன்றைய வேலையை அன்றே முடிப்பார்.

"ஒரு வாக்கியத்துக்கா டீச்சர்?" என்று லெதெப்ரான் கேட்டிருக்கிறார்.

"வாக்கியத்துக்கு இல்ல. எது சரின்னு தெரிஞ்சும் எழுதாம விட்டதுக்கு."

இதை லொரெய்னே என்னிடம் சொன்னார், தான் ஜெயித்த மாதிரியான குரலில். அந்தத் தீர்ப்பில் பாதி டீச்சருடையது, பாதி ஏப்ரல் மாதம் வகுப்பு முன்னால் எதிர்த்து நின்றவள் மேல் இருந்த கோபம். பிரெண்ட் ஒருநாள் காப்பி ஊற்றிக்கொண்டே, "நாலாம் லெவல்ல ஒரே ஒருத்தரதான் நிறுத்தியிருக்காங்க, சரியான ஆளைத்தானா?" என்று என்னைக் கேட்டார். நான் அந்த அம்மாளுக்கு ஒரு வருஷம் பாடம் எடுத்தவள். "லொரெய்ன் வகுப்பு, லொரெய்னுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு என் கோப்பையைக் கழுவினேன். இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் பிரெண்ட் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசையில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் வைத்திருந்தார், கெட்ட செய்திக்கு எப்போதும் வைப்பார். பணம் கொடுப்பவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வருஷத்திலிருந்து எங்கள் நிலையத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. ஜூன் முப்பதுக்குள் ஐந்துக்கு ஏற்றப்பட்டவர்கள் மட்டும் ஆறு வரை படித்து முடிக்கலாம். அதன் பிறகு இரண்டு வகுப்பும் மூடப்படும். பக்கத்தில் ஐந்தும் ஆறும் எடுக்கும் வேறு இடம் கிடையாது. காசு கட்டிப் படிக்கிற கல்லூரி இருக்கிறது, விரிப்பு மடிக்கிறவர்கள் கட்டக் கூடிய காசு இல்லை.

நாலாம் லெவல் தப்பியது. ஐந்தாம் லெவல்காரர் எழுந்து வந்து லொரெய்னின் தோளைத் தொட்டு, "உங்களுக்காவது இருக்கு" என்றார். லொரெய்ன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஜூன் முப்பதா?" என்று பிரெண்டிடம் கேட்டார்.

"ஜூன் முப்பது."

"ஜூலை இல்லையே?"

"ஜூன், லொரெய்ன்."

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் அவர் லெவல் ஏற்றும் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர்க் கட்டத்தில் லெதெப்ரான் கெப்ரெமெஸ்கெல். தேதிக் கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும் அவருடைய உருண்டைக் கையெழுத்தில், ஜூன் இருபத்தேழு என்று எழுதினார்.

"லொரெய்ன், இது ஆகஸ்ட்" என்றேன்.

"எனக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்." படிவத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது ஆசிரியர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. "உனக்குத்தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழக்கமாச்சே."

குத்தித்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

இருவருமாக மேல்மாடிக்குப் போனோம். பிரெண்ட் படிவத்தைப் படித்தார், தேதியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கெப்ரெமெஸ்கெல், நான்காம் லெவல், மீண்டும் படிக்க வேண்டும். பதிந்தவர் லொரெய்ன் பெட்காவ். ஜூன் இருபத்துநான்கு, மாலை ஐந்து நாற்பது.

"வேற யாரா இருந்தாலும் இத இன்னும் ஏத்தியிருக்கவே மாட்டாங்க. பேப்பர்ல ஜூன்னு போட்டிருந்தா நானே உள்ள ஏத்திட்டு வாய மூடிட்டு இருந்திருப்பேன்" என்றார். "இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான் அன்னைக்கே போட்டீங்க."

"மாத்துங்க."

"மாத்தினா யார் மாத்தினா, எப்போ மாத்தினாங்கன்னு அதுலயே பதிஞ்சுடும். நிலையத்தையே மூடிடுவாங்க லொரெய்ன்."

லொரெய்ன் படிவத்தை எடுத்து நான்காக மடித்துக் கார்டிகன் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதற்கு முன்னால் அவர் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கிய முதல் நாள், கோட் மாட்டும் இடத்தில் லெதெப்ரான் லொரெய்னுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். புது நோட்டு, புதுப் பேனா. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், உங்க மேல கோவம் இருந்துச்சு. இப்போ இல்ல" என்று சிரித்தார். கோடை முழுவதும் பயிற்சி செய்திருக்கிறார் என்று கேட்டாலே தெரிந்தது. நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார். "நான் எங்க ஊர்ல பதினாறு வருஷம் பிரசவம் பார்த்தேன். சரியா?"

"சரி" என்றார் லொரெய்ன்.

"இந்தத் தடவ இதையேதான் எழுதுவேன். கிறிஸ்துமஸுக்கு அஞ்சுக்குப் போயிடலாமா?"

லொரெய்ன் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஐந்தும் ஆறும் மூடுகின்றன என்றார். ஜூன் மாதம் ஏற்றப்பட்டவர்களுக்கு மட்டும் இடம் உண்டு என்றார். ஜூன் மாதம் உங்களை நிறுத்தியது நான் என்றார். அடிக்குரலில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

லெதெப்ரானுக்கு ஒவ்வொன்றாகத்தான் உள்ளே போயிற்று. நோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அப்போ எனக்கு நாலுதானா?"

"ஆமா."

"எப்போ வரைக்கும்?"

பக்கத்தில் யாரோ ஈரக் கோட்டை உதறினார்கள். லெதெப்ரான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானே வகுப்புக்குள் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் முழுவதும் இருந்தார், பலகையில் எழுதிய எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குப் போனவர் பிறகு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரை நான் பேருந்தில் பார்த்தேன். இப்போது சலவை அறையில் காலை நேரமும் வேலை எடுத்துக்கொண்டிருக்கிறார். கைகள் சலவை சோடாவில் ஊறி வெளுத்திருந்தன.

"லொரெய்ன் தினமும் உங்களக் கேக்கறாங்க" என்று பொய் சொன்னேன். லொரெய்ன் அவர் பெயரையே எடுப்பதில்லை.

"அவங்க மேல தப்பில்ல டீச்சர். அவங்க சரியாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் புரிய லேட்டாச்சு" என்றார். அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மேல் தளத்துக்கு எப்போது போவீர்கள் என்று அவரை யாரும் இனிமேல் கேட்கப் போவதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் நிலையத்தில் வருகைப் பதிவுக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து பதினைந்து நாள் வராதவரின் பெயரை அடித்துவிட வேண்டும். அடிக்கப்பட்டவர் மறுபடி படிக்க வந்தால் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் நிற்க வேண்டும். அந்தப் பட்டியல் இப்போது ஒரு வருஷத்தைத் தாண்டிப் போகிறது. மற்ற வகுப்புகளில் அடித்த பெயர்களுக்குப் பதில் புதுப் பெயர்கள் வந்துவிட்டன. நாலாம் லெவல் தாளில் இந்தப் பருவம் ஒரு பெயரும் அடிபடவில்லை. வெள்ளிக்கிழமை தாள்களை மேலே கொண்டு போவது நான்தான் என்பதால் எனக்குத் தெரியும். பிரெண்ட் வாங்கிப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் கோப்பில் வைப்பார்.

இன்று காலையும் என் அறைக் கதவு திறந்திருந்தது. நவம்பர் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. எதிரே லொரெய்ன் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெயர்களை வாசித்தார்.

"அப்டி, இஸ்மாயில்."

"இருக்கேன் டீச்சர்."

"ஃபெடோரென்கோ, ஒக்சானா."

"இருக்கேன்."

லொரெய்ன் நிறுத்தினார். அடுத்த பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதன் பக்கம் யாரும் திரும்பவில்லை. அவர் குனிந்து, அந்தப் பெயருக்கு நேரே, இன்றைய தேதிக் கட்டத்தில், வந்தார் என்று குறி போட்டார். பிறகு பேனாவை ஒரு வரி கீழே இறக்கி, "ஹபிமானா, ழான்" என்று கூப்பிட்டார்.